தூக்கிய செலவு

கல்வராயன் மலையில் ஒரு பாறையில் வழுக்கி விழுந்து, இடது கால் முறிந்து, முன்பின் தெரியாத எட்டுப் பேர் என்னை டோலி கட்டித் தூக்கியபோது, நான் அவர்களிடம் முதலில் கேட்டது "எவ்ளோ ஆவும்?" என்றுதான். மாதாவே என்று கூப்பிடவில்லை. அலறல் எல்லாம் அதற்கு முன்பே முடிந்துபோயிருந்தது. இதை என் கணவர் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். சிரிக்கட்டும். கள்ளக்குறிச்சியில் ஓர் அரசு அலுவலகத்தின் பில் செக்‌ஷனில் இருபத்தாறு வருடமாக உட்கார்ந்திருப்பவள் வாயில் வேறு என்ன வரும்?

எங்கள் வேலை அப்படி. ஒரு காகிதம் மேசைக்கு வந்தால் அதற்குப் பின்னால் இருக்கும் கதையை நாங்கள் கேட்பதில்லை. இந்தச் செலவு எந்தத் தலைப்பில் வரும், கையெழுத்து யாருடையது, வவுச்சர் எங்கே, இவ்வளவுதான். ஒன்று குறைந்தாலும் சிவப்பு மையில் ஆட்சேபணை எழுதித் திருப்பிவிடுவேன். ஆட்சேபணை எழுதுவதில் எனக்குப் பேரே உண்டு, நல்ல பேர் என்று சொல்ல முடியாது. ஒரு செலவு நடந்துவிட்டால் அதை யாரோ கொடுத்திருக்கத்தான் வேண்டும், கொடுத்தது யார் என்று கண்டுபிடிக்க முடியாத செலவு உலகத்தில் இல்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

ஐப்பசிக் கடைசியில் ஒரு சனிக்கிழமை, அலுவலகத்துப் பெண்கள் ஐந்து பேர் வேன் பிடித்து வெள்ளிமலைக்குப் போனோம். பெரிய அருவிகளில் கூட்டம் ஜாஸ்தி, உள்ளே ஒரு சின்ன அருவி இருக்கிறது என்று அங்கே ஒரு ஜீப் டிரைவர் சொன்னார். முப்பத்தைந்து வயதிருக்கும், எங்களை அக்கா அக்கா என்றுதான் பேசினார். அவருடைய ஜீப்பில் போய், தார்ச்சாலை முடிந்த இடத்தில் இறங்கி, மூன்று கிலோமீட்டர் ஒற்றையடிப் பாதை. நடுவில் ஓர் ஓடை. பிறகு இருபது முப்பது வீடுகள் இருக்கும் ஒரு மலைக்கிராமம். ஊர்க் களத்தில் சாமைக் கதிர் அடித்துக் குவித்துக்கொண்டிருந்தார்கள். அழகாக இருக்கிறதே என்று அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம். களத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் அருவி.

"செருப்பக் கழட்டிட்டு எறங்குங்கக்கா, பாசி வழுக்கும்" என்றார் டிரைவர். நான்கு பேர் கழற்றினார்கள். ஐந்தாவது ஆள் நான்.

விழுந்த சத்தத்தை விட, காலுக்குள் கேட்ட சத்தம் பெரிதாக இருந்தது. பாதம் இருக்க வேண்டிய திசையில் இல்லை. போனில் டவர் இல்லை. டிரைவர் ஊருக்குள் ஓடினார். நான் பயந்தது செத்துப்போவேன் என்றல்ல. இந்தக் காலால் இனி நடக்கவே மாட்டேன் என்று அந்தப் பாறையிலேயே எனக்குத் தோன்றிவிட்டது. அந்த எண்ணம் அதன்பிறகு பல மாதம் என்னை விட்டுப் போகவில்லை.

அரை மணி நேரத்துக்குள் ஆட்கள் வந்துவிட்டார்கள். எட்டுப் பேர். ஒருவர் தோளில் நீளமான மூங்கில், இன்னொருவர் கையில் கம்பளி, சீலைத் துணியை முறுக்கிச் செய்த கயிறு. அந்த மூங்கில் இதற்கென்றே ஒரு வீட்டின் கூரையடியில் செருகிவைக்கப்பட்டிருக்குமாம். அதை எடுத்து வேறு எதற்கும் யாரும் பயன்படுத்த மாட்டார்களாம். கம்பளியை மூங்கிலில் கட்டித் தொங்கவிட்டு, பலகைத் துண்டு வைத்து என் காலைச் சுற்றிக் கட்டி, குழந்தையைத் தொட்டிலில் போடுவது போல என்னைப் போட்டார்கள். நான் அறுபத்தெட்டு கிலோ. தூக்கினவுடன் முன்னால் இருந்தவர் ஒரு சத்தம் விட்டார். வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தில்தான் கேட்டேன், "எவ்ளோ ஆவும்?" என்று.

பின்பக்கத் தோள் கொடுத்தவர் என் முகத்துக்கு நேராக இருந்தார். ஐம்பது வயதுக்காரர், தாடையில் ஒரு பழைய வெட்டுத் தழும்பு. "மொதல்ல கால் ஆவட்டுங்க. அப்புறம் பாத்துக்கலாம்" என்றார்.

அவர்கள் தூக்கிப்போகும் விதம் வலியிலும் என்னைக் கவனிக்க வைத்தது. ஒருமுறை தூக்கிவிட்டால் சாலை வரும்வரை டோலியைத் தரையில் வைப்பதில்லை. வழியில் இறக்கினால் ஆள் தங்காது என்று ஒரு நினைப்பு. அதனால் தோள் மாற்றுவதும் நடந்துகொண்டேதான். ஒருவர் உள்ளே நுழைந்து தோளைக் கொடுப்பார், மற்றவர் பக்கவாட்டில் நழுவி வெளியே வருவார். ஓர் ஆள் முன்னால் போய் முள்ளை விலக்கிக்கொண்டே போவார். யாரும் யாருக்கும் உத்தரவு போடவில்லை. எங்கள் அலுவலகத்தில் ஒரு பீரோவை நகர்த்தவே ஒன்பது பேர் கத்துவார்கள்.

களத்தை நெருங்கும்போது தூறல் ஆரம்பித்தது. டோலி நிற்கவில்லை. கண்ணாடி வளையல் போட்ட ஒரு கை எதையோ என் மேல் வீசிப் போர்த்தியது. நீல நிறம், கனமாக இருந்தது, புழுதி வாசம் அடித்தது. "மூச்சு முட்டுது, எடுங்க" என்று நான் எரிந்து விழுந்தேன். யாரும் எடுக்கவில்லை. பிறகு மழை பிடித்துக்கொண்டது. தழும்புக்காரர் ஒவ்வொரு வளைவிலும் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார். பாதை வழுக்குமே என்று கவலைப்படுகிறார் என நினைத்துக்கொண்டேன்.

சாலையில் ஜீப். வெள்ளிமலையில் நூத்தியெட்டு வண்டி தயாராக நின்றது. மலைப்பாதையின் ஒவ்வொரு திருப்பமும் என் எலும்பில் தெரிந்தது. கள்ளக்குறிச்சியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் போட்டதும், நர்ஸ் ஒருத்தி என் தலைமுடியிலிருந்து எதையோ பொறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"இன்னா மேடம், பாறைல உழுந்தீங்களா, களத்துல உழுந்தீங்களா? தலயெல்லாம் தானியமா இருக்குது."

உள்ளங்கையில் காட்டினாள். சின்னச் சின்னதாக, கடுகை விடக் கொஞ்சம் பெரிதாகச் சில மணிகள். எனக்கு அப்போது எதையும் யோசிக்கத் தெரியவில்லை. ஊசி போட்டார்கள், தூங்கிப்போனேன்.

காலுக்குள் தகடு வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். என்னோடு வீட்டுக்கு வந்த சாமான்கள் ஒரு கைப்பை, ஒற்றைச் செருப்பு, மடித்த நீலத் தார்ப்பாய். தார்ப்பாய் ஜீப்புடையதாக இருக்கும், டிரைவர் எப்போதாவது வந்து வாங்கிக்கொள்வார் என்றார் என் கணவர். மழைக்காலம் வேறு. எங்கள் வீட்டில் ஷெட் இல்லை. அவர் அதை எடுத்து மோட்டார் சைக்கிள் மேல் போட்டு மூடிவைத்தார்.

படுத்துக் கிடப்பவளுக்கு யோசிப்பதைத் தவிர என்ன வேலை? என்னை மலையிலிருந்து இறக்கியதற்கு யார் கொடுத்தது என்று யோசிக்க ஆரம்பித்தேன். ஆம்புலன்ஸ் அரசாங்கம். ஆஸ்பத்திரிச் செலவு சம்பளத்தில் பிடிக்கிற இன்ஷூரன்ஸ். அதற்கெல்லாம் தலைப்பு உண்டு, எனக்கே மனப்பாடம். ஆனால் பாறையிலிருந்து சாலை வரை எந்தத் தலைப்பு? சாலையிலிருந்து வெள்ளிமலை வரை? நடுவில் இருக்கும் அந்த மூன்று நான்கு கிலோமீட்டர் மட்டும் என் கணக்கில் ஒட்டாமல் நின்றது.

பார்க்க வந்தவர்களில் தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்க்கும் ஒருவர் இருந்தார். பயணப்படி பில்லுக்காக அடிக்கடி என் மேசைக்கு வந்து, என் ஆட்சேபணையை வாங்கிக்கொண்டு போகிறவர். ஆரஞ்சுப் பழத்தோடு வந்திருந்தார், நல்ல மனுஷன். விடுவேனா, அவரிடமே கேட்டேன்.

"ஏங்க, கெணத்துல ஆளு உழுந்துட்டா நீங்க போயி தூக்கறீங்களே, அதுக்கு யாரு துட்டு குடுக்கறது?"

"உழுந்தவங்ககிட்ட வாங்கறதில்லீங்க மேடம். ஆளு ஆனாலும் சரி, மாடு ஆனாலும் சரி. கூப்புட்டா போவணும். வண்டி, டீசல், சம்பளம் எல்லாம் கவுர்மெண்டு."

"கயிறு அறுந்துட்டா?"

"அதுக்கும் கவுர்மெண்டு. ஆனா நீங்கதான் அதுக்கு மூணு கொட்டேஷன் கேப்பீங்க" என்று சிரித்தார். என் கணவர் அவரை விடப் பலமாகச் சிரித்தார்.

அவர் போன பிறகு டிரைவருக்கு போன் செய்தேன். அன்று ஜீப்புக்குப் பேசும்போது அவர் நம்பர் வாங்கிவைத்திருந்தோம். வெள்ளிமலை வரை என்னைக் கொண்டுவந்த வாடகை எவ்வளவு, டீசல் யார் போட்டது, தூக்கிய எட்டுப் பேருக்கு என்ன கூலி, எல்லாவற்றையும் கேட்டேன்.

"அதெல்லாம் இப்ப பேசக்கூடாதுக்கா. எப்ப வர்றீங்க?"

"எங்க வர்றது?"

"தூக்கின எடத்துக்கு."

கால் முறிந்தவளிடம் கேட்கிற கேள்வியா இது என்று எனக்குக் கோபம் வந்தது. போனை வைத்துவிட்டேன். சரி, எட்டுப் பேருக்கு ஒரு நாள் கூலி, வண்டி வாடகை, எல்லாம் என் மனசுக்குத் தோன்றிய அளவில் கணக்குப் போட்டு ஒரு கவரில் வைத்தேன். வெள்ளிமலையில் வேலை பார்க்கும் ஓர் ஆசிரியை வாரம்தோறும் எங்கள் தெரு வழியாகத்தான் பஸ் ஏறப் போவார். டிரைவரிடம் சேர்க்கச் சொல்லி அவரிடம் கொடுத்தனுப்பினேன். அதோடு விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் டிரைவரே வந்துவிட்டார். கையில் பிரிக்காத என் கவர். கூடவே ஒரு பை நிறையக் கடுக்காய்.

"ஊர்ல குடுத்து அனுப்பினாங்கக்கா. வயித்துக்கு நல்லது. படுத்தே கிடக்கறீங்கல்ல."

கணக்குக் கேட்டவளுக்கு நிஜமாகவே கடுக்காய் கொடுத்துவிட்டார்களே என்று என் கணவருக்குத் தாங்க முடியாத சந்தோஷம். எனக்கு அவமானமாக இருந்தது. கம்மி என்று திருப்பிவிட்டார்களா? நான் நடமாட ஆரம்பித்ததும் மொத்தமாகக் கேட்கப்போகிறார்களா? மலைக்காரர்களைப் பற்றி இப்படி நினைத்ததைச் சொல்ல இப்போது கூசுகிறது. ஆனால் நினைத்தேன்.

கடைசியில் டிரைவரை உட்கார வைத்து, காப்பி கொடுத்து, விஷயத்தைக் கறந்தேன். அந்த ஊர் வழக்கம் இது. டோலியில் தூக்கப்பட்ட ஆள் உயிர் பிழைத்தால், கால் கை ஆறின பிறகு திரும்பி வந்து, சாலையிலிருந்து தூக்கிய இடம் வரைக்கும் தன் காலால் நடந்து காட்ட வேண்டும். அதுவரை தூக்கினதில் யாருக்கு என்ன செலவு ஆனது, என்ன நஷ்டம் என்று அந்த ஆளிடம் யாரும் வாய் திறக்கக் கூடாது. கொடுத்தாலும் வாங்கக் கூடாது, கொடுத்ததைத் திருப்பிக் கேட்கவும் கூடாது.

"சொன்னா இன்னா ஆவும்?"

"எலும்பு கூடாதுக்கா. பாரம் ஏறிப்போயிடும்னு சொல்வாங்க."

"எலும்பு கூடறதுக்கும் செலவுக்கும் இன்னா தம்பி சம்பந்தம்?"

"அது எனக்குத் தெரியாது. நான் சொல்ல மாட்டேன்."

ஆட்சேபணைக்கு மேல் ஆட்சேபணை எழுதினாலும் அசையாத ஒரு பைலை நான் முதல்முறையாகப் பார்த்தேன். டிரைவர் கிளம்பும்போது வாசலில் நின்ற மோட்டார் சைக்கிள் பக்கம் போனார். தார்ப்பாயின் ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். கொஞ்ச நேரம் நின்றார். வண்டியை விலைக்குக் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். தார்ப்பாயைக் கொடுத்தனுப்ப எங்களுக்கும் நினைவில்லை, அவரும் கேட்காமல் போய்விட்டார்.

இங்கே ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். அதுவரை நான் நடக்க முயற்சியே செய்யவில்லை. காலை ஊன்றலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பயிற்சி சொல்லிக்கொடுக்க ஒரு பெண் வாரம் இரண்டு முறை வந்தாள். அவள் வரும் நாளில் எனக்குத் தலைவலி வந்துவிடும். காலை ஊன்றினால் உள்ளே அந்தச் சத்தம் மறுபடி கேட்கும் என்று பயம். வாக்கரை வைத்துக்கொண்டு கழிவறை வரைக்கும் போய் வருவேன், அதோடு சரி. என் கணவர் கெஞ்சிப் பார்த்தார், திட்டியும் பார்த்தார். ஒருநாள் சமையலறையில் தனியாக நின்று அழுததை நான் கேட்டேன். அப்போதும் நான் எழுந்திருக்கவில்லை.

என்னை எழுப்பியது அந்தச் செலவுதான். யார் கொடுத்தது என்று தெரியாமல் என்னால் இருக்க முடியவில்லை. இரவும் பகலும் அதே கேள்வி. டீசல் யார் போட்டிருப்பார்கள்? அந்தத் தழும்புக்காரர் ஏன் திரும்பித் திரும்பிப் பார்த்தார்? தலைமுடியில் தானியம் எப்படி வந்தது? நடந்தால்தான் சொல்வார்கள் என்றால் நடந்துதானே ஆக வேண்டும். பொங்கலுக்குள் வாக்கரை விட்டேன். தை முடிவதற்குள் ஒரு கைத்தடியோடு தெருக்கோடி வரை போனேன். பயிற்சிப் பெண் அவளுடைய திறமை என்று நினைத்துக்கொண்டாள். நான் திருத்தவில்லை.

தவக்காலம் தொடங்கிய பிறகு ஒரு சனிக்கிழமை கிளம்பினோம். "தவக்காலத்துல மலை ஏறினா புண்ணியம்தான்" என்றார் என் கணவர். வெள்ளிமலையில் டிரைவர் காத்திருந்தார். தார்ச்சாலை முடியும் இடத்தில் ஜீப் நின்றபோது எனக்கு முன்னால் அந்த எட்டுப் பேரில் நான்கு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். தழும்புக்காரர் தோளில் அதே மூங்கில். இன்னொருவர் கையில் அதே கம்பளி.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "இன்னாண்ணே இது? நான் நடக்கத்தான வந்திருக்கேன்?"

"நீங்க நடங்கம்மா. இது சும்மா கூட வருது" என்றார் தழும்புக்காரர். "போன தபா ஒருத்தரு இப்பிடித்தான் நடந்து காட்டறேன்னு வந்தாரு. பாதியில குந்திக்கினாரு. திரும்பவும் தூக்கிக்கினு போனோம். அவுரு இன்னும் பாக்கி."

நடக்கத் தொடங்கினேன். என் வேகத்துக்கு அவர்கள் நடப்பது கஷ்டமாக இருந்திருக்கும், ஆனாலும் எனக்குப் பின்னாலேயே வந்தார்கள். நான்கு ஆண்கள், வேலை நாளில், ஒரு வெறும் மூங்கிலோடு. இதற்கு இன்னொரு நாள் கூலி போகிறதே என்று என் மூளை தானாகவே குறித்துக்கொண்டது.

"டீசல் யாரு போட்டது? இப்பவாவது சொல்லலாமா?" என்று டிரைவரைக் கேட்டேன்.

செலவான இடத்தில்தான் அந்தச் செலவைச் சொல்ல வேண்டுமாம், நடக்கத் தொடங்கிவிட்டால் சின்னச் செலவுகளை வழியிலேயே சொல்லலாமாம், அது இன்னொரு விதி. டீசல் செலவானது சாலையில் என்பதால், சாலை கண்ணுக்குத் தெரியும் இடத்திலேயே சொல்லலாம் என்று அவர்களுக்குள் பேசி முடிவு செய்தார்கள். அன்று டிரைவர் கையில் காசு இல்லை. ஊர் மாரியம்மன் திருவிழாவுக்கென்று ஒரு பெரியவர் மடியில் முடிந்துவைத்திருந்த பணத்தை எடுத்துத்தான் டீசல் போட்டிருக்கிறார்கள்.

"மாரியாத்தா துட்டு. அதனாலதான் வண்டி அந்த மழையிலயும் நிக்காம போச்சு" என்றார் டிரைவர்.

"ஃபாதர்கிட்ட சொல்லிடாத" என்று என் காதில் சொன்னார் கணவர். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற நான், எனக்குத் தெரியாமலே மாரியம்மன் செலவில் மலையிறங்கியிருக்கிறேன். எந்தத் தலைப்பில் போடுவது என்று தெரியவில்லை. ஆனால் முதல் வரி கிடைத்துவிட்டது, நடையில் கொஞ்சம் தெம்பு வந்தது.

ஓடையில்தான் பயந்துவிட்டேன். தண்ணீர் கணுக்கால் அளவுதான், ஆனால் கற்களில் பாசி. அதே பச்சை. நான் தயங்கி நின்றதை எல்லோரும் பார்த்தார்கள். யாரும் கை கொடுக்கவில்லை, கொடுக்கக் கூடாதாம். மூங்கிலைத் தோளிலிருந்து இறக்கி, எனக்குப் பக்கத்தில் நீட்டிப் பிடித்தபடி நின்றார்கள். நான் அதைத் தொடவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு கல்லாகப் பார்த்துப் பார்த்துக் கடந்தேன். அந்தப் பக்கம் போனதும் ஒருவர் சிரித்தபடி தண்ணீரைக் காட்டினார்.

"எஞ்செலவு இங்கதாம்மா. சட்டப் பையில இருந்த போனு. தோள்ல மூங்கி, குனிய முடியாது, எறக்கவும் கூடாது. போவுது போவுதுன்னு பாத்துக்கினே நடந்தேன். வூட்ல இன்னும் திட்டிக்கினுதான் இருக்கறா."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. புதுப் போன் வாங்கித் தருகிறேன் என்றேன். "இப்ப தரலாம்மா" என்றார் உடனே. வாங்கக் கூடாது என்பது நடக்கும்வரைதான் என்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இவர்கள் மகான்கள் இல்லை, முறை தெரிந்தவர்கள்.

களத்துக்கு வந்தோம். தரை வெறுமையாக மெழுகிக் கிடந்தது. அங்கே யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று நின்றேன். தழும்புக்காரர் என்னைப் பார்க்காமல், "மொதல்ல பாறைக்குப் போயிட்டு வாங்க" என்றார். போனேன். அருவியில் தண்ணீர் நூல் மாதிரி விழுந்துகொண்டிருந்தது. நான் விழுந்த பாறை காய்ந்து, ஒன்றும் தெரியாதது போலக் கிடந்தது. அதன் மேல் என் இடது காலை வைத்து அழுத்தி நின்றேன். சத்தம் எதுவும் கேட்கவில்லை. இனி நடக்க மாட்டேன் என்ற எண்ணம் அங்கேயே போய்விட்டது. என் கணவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

திரும்பி வந்ததும் களத்தை ஒட்டியிருந்த தழும்புக்காரர் வீட்டில் சாப்பாடு. அவர் மனைவி பரிமாறினாள். என் வயதுதான் இருக்கும், கை நிறையக் கண்ணாடி வளையல். அந்தக் கையைப் பார்த்ததும் எனக்கு ஏதோ நினைவு வந்தது, ஆனால் பிடிபடவில்லை. சாமைச் சோறும் கீரைக் குழம்பும். பசி வேறு, இரண்டாவது முறையும் கேட்டு வாங்கினேன்.

"நல்லாருக்குதும்மா. உங்க சாமையா?"

"இது பக்கத்து வூட்டுதுங்க. எங்குளுது மொளச்சிப்போச்சி."

"எப்பிடி?"

அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டினார். நான் நடந்து முடித்துவிட்டேன், இது அவர்கள் களம், இனி சொல்லலாம்.

அன்று ஊர்க் களத்தில் கதிர் அடிப்பது அவர்கள் முறை. வருடத்து விளைச்சல் அத்தனையும் அடித்துக் களத்தில் குவித்திருந்தார்கள். தூறல் விழுந்ததும் அவள் குவியலைத் தார்ப்பாய் போட்டு மூடினாள். அதே நேரம் டோலி வந்தது. நான் நனைந்துகொண்டு வந்தேன். அவள் குவியல் மேலிருந்து தார்ப்பாயை உருவி என் மேல் போட்டாள். இன்னொரு வீட்டுக்கு ஓடிச் சாக்கு வாங்கி வருவதற்குள் மழை இறங்கிவிட்டது. தோள் கொடுக்க வேண்டிய ஆண்கள் எல்லாம் என்னோடு போயிருந்தார்கள். அவள் ஒருத்தியாகக் கூடையில் அள்ளி அள்ளி வீட்டுக்குள் கொட்டினாள். முடிந்தவரை அள்ளினாள். மீதி மூன்றாம் நாள் களத்திலேயே பச்சையாக முளைத்து நின்றது. மாட்டுக்குப் போட்டார்கள். விதைக்கு அவள் தாய் வீட்டில் கேட்டிருக்கிறாள்.

இவ்வளவையும் அவள் குழம்பு ஊற்றிக்கொண்டே சொன்னாள். மூச்சு முட்டுது, எடுங்க என்று நான் எரிந்து விழுந்தது எனக்குக் கேட்டது. நர்ஸின் உள்ளங்கையில் இருந்த மணிகள் தெரிந்தன. வாசலில் டிரைவர் தார்ப்பாய் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தது தெரிந்தது. என் கணவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தாறு வருடத்தில் எத்தனையோ பேரைத் தலைகுனிய வைத்திருக்கிறேன், என் தலை அன்றுதான் குனிந்தது.

விதை சாமைக்கு என்ன விலை, வருடச் சாப்பாட்டுக்கு என்ன ஆகும், எல்லாம் நானே தருகிறேன் என்று தடுமாறித் தடுமாறிச் சொன்னேன். சரிங்க, பேசிக்கலாம் என்றாள். மறுக்கவில்லை. பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து, தயங்கித் தயங்கி ஒன்று கேட்டாள். இத்தனை மாதம் கேட்கக் கூடாமல் வைத்திருந்த கேள்வி அது.

"அந்த தார்ப்பாய் இருக்குதுங்களா?"

"இருக்குதும்மா."

"எங்க வச்சிருக்கீங்க?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அலமாரியில் மடித்து வைத்திருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல முடியவில்லை.

"வூட்டு வாசல்ல. எங்க வண்டி மேல போட்டு மூடி வச்சிருக்குது."

அவள் முகத்தில் வருத்தம் வரும் என்று காத்திருந்தேன். அவள் நிம்மதியாகச் சிரித்தாள்.

"வண்டி நனையலதானுங்களே?"

நனையவில்லை என்று சொன்னேன்.